தீயணைப்பு, 108, தீ விசாரணை: கம்பம் பள்ளத்தாக்கில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

108 வண்டியில் ஒன்பது வருடம் மருத்துவ உதவியாளராக இருந்தேன். லோயர் கேம்ப்பிலிருந்து சின்னமனூர் வரை நான் ஏறி இறங்காத தெரு குறைவு. என் தங்கை வீட்டுக்காரர் தீயணைப்பு வீரர். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்கு முதலுதவி சொல்லித்தருகிறேன். வகுப்பு முடிந்ததும் இரண்டு பேராவது ஓரமாக வந்து நிற்பார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கம்பம், கூடலூர், போடி மட்டுமல்ல, மலைக்கு அந்தப் பக்கம் குமுளி, வண்டிப்பெரியாறு பிள்ளைகளும் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

தீயணைப்பு, ஆம்புலன்ஸ், தீ வச்சவனைக் கண்டுபிடிக்கிறது... மூணும் ஒரே வேலைதானே அண்ணே?

அமெரிக்காவில் ஓரளவுக்கு அப்படித்தான். அங்கே பல ஊர்களில் தீயணைப்பு வீரரே அவசர மருத்துவப் பயிற்சியும் பெற்றிருப்பார். தீ எப்படிப் பிடித்தது என்று விசாரிக்கும் அதிகாரியும் பல இடங்களில் தீயணைப்புத் துறைக்காரர்தான். படங்களில் பார்ப்பது அதைத்தான்.

நம் ஊரில் மூன்றுக்கும் வாசல் வேறு. தீயை அணைப்பதும் ஆளை மீட்பதும் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. வண்டியில் ஏற்றி உயிரைப் பிடித்துவைப்பது 108. யார் வைத்தார்கள், எதனால் பிடித்தது என்று விசாரிப்பது காவல்துறை. அவர்களுக்குத் துணையாகத் தடய அறிவியல் துறை வரும். நான் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்வேன்: தீ எரியும்போது நிற்க ஆசையா, ஆள் துடிக்கும்போது நிற்க ஆசையா, எல்லாம் ஆறின பிறகு நிற்க ஆசையா? அதை முதலில் முடிவு செய்யுங்கள், படிப்பைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பத்தாவதுதான் படிச்சிருக்கேன். தீயணைப்புல சேர முடியுமா?

முடியும். தமிழ்நாட்டில் தீயணைப்பாளர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே தேர்வு நடத்துகிறது. வயது 18 முதல் 26 வரை. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 28, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 31.

முதலில் 80 மதிப்பெண்ணுக்குத் தமிழ்த் தகுதித் தேர்வு. அதில் 40 சதவீதம், அதாவது 32 எடுக்காவிட்டால் உங்கள் அடுத்த விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதன்மைத் தேர்வுக்கு 70 மதிப்பெண். அதில் பொது அறிவு 45 கேள்வி, உளவியல் 25 கேள்வி. உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. எழுத்துத் தேர்வை அலட்சியமாக விட்டுவிட்டு மைதானத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் பையன்களை நிறையப் பார்க்கிறேன். 70 எங்கே, 24 எங்கே? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உயரம் 168 தான் இருக்கேன். ரெண்டு சென்டிமீட்டர்ல போயிருமா?

போய்விடும். ஆண்களுக்கு 170 செ.மீ. வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. மார்பு சாதாரணமாக 81, மூச்சிழுத்து விரித்தால் கூட 5 செ.மீ. இதில் சிபாரிசுக்கு வேலையே இல்லை. பணம் கொடுத்தால் அளவைச் சரிபண்ணித் தருகிறேன் என்று சொல்பவரை நம்பவே கூடாது.

உயரம் இருந்தாலும் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அப்புறம் கயிறு ஏறுவது. நம் பையன்கள் தென்னை மரம் ஏறுகிறார்களே, கயிறு என்ன பெரிய விஷயம் என்று நினைக்கிறார்கள். மரத்தில் காலுக்குப் பிடிமானம் உண்டு. கயிறு ஆடும். பாதத்தில் கயிற்றை வளைத்துப் பூட்டப் பழகவில்லை என்றால் மூன்று மீட்டரிலேயே கை எரியும்.

ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ படிச்சா தீயணைப்புல நேரா வேலைன்னு சொல்றாங்களே?

இல்லை. என்னிடம் வருகிற கேள்விகளில் நான் அதிகம் வருத்தப்படுவது இதற்குத்தான். தனியார் நிறுவனங்கள் நடத்தும் ஆறு மாத, ஒரு வருட டிப்ளமோவுக்கும் மேலே சொன்ன அரசுத் தேர்வுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்தச் சான்றிதழ் இருந்தால் அங்கே ஒரு மதிப்பெண்கூட ஏறாது. தெரிந்த பையன் ஒருவன் அம்மாவின் கம்மலை அடகு வைத்து எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு நிறுவனத்தில் கட்டினான். ஒரு வருடத்தில் உண்மையான தீயை அவன் ஒரே ஒரு நாள் பார்த்தான், ஒரு தகர டிரம்மில். முடித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டது, தேர்வுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று.

அந்தப் படிப்பு மொத்தமும் வீண் என்று சொல்லவில்லை. தொழிற்சாலை, கட்டுமானம், வளைகுடா நாடுகளில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலைக்கு அது ஒரு படி. ஆனால் அந்த வேலைக்கென்றே தெரிந்து சேருங்கள்.

தீயைப் பற்றி முறையாகப் படிக்க வேண்டுமென்றால் இரண்டு இடங்களைச் சொல்வேன். நாக்பூரில் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கும் தேசியத் தீயணைப்புச் சேவைக் கல்லூரி. 1956-ல் ராம்பூரில் தொடங்கி அடுத்த வருடமே நாக்பூருக்கு மாறியது. அங்கே தீப் பொறியியல் பட்டமும் இருக்கிறது, நிலைய அலுவலர்களுக்கான பயிற்சிகளும் இருக்கின்றன. இன்னொன்று நமக்குப் பக்கம், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு மற்றும் தீப் பொறியியல் பி.டெக். குமுளியிலிருந்து ஒரு பகல் பஸ் பயணம்தான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அதன் பெயரே தெரியவில்லை.

டிகிரி முடிச்சவங்களுக்கு மேல் பதவி ஏதாச்சும் உண்டா?

உண்டு. நிலைய அலுவலர் பணிக்குப் பட்டம் வேண்டும். 2023-ல் சார்பு ஆய்வாளர் தேர்வோடு சேர்த்து 129 நிலைய அலுவலர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அதற்கும் மேலே, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வில் துணை ஆட்சியர், டி.எஸ்.பி. பதவிகளோடு மாவட்டத் தீயணைப்பு அலுவலர் பதவியும் இருக்கிறது.

பொம்பளப் புள்ளைங்களை எடுப்பாங்களா?

தமிழ்நாட்டில் 2023 பொதுத் தேர்வு அறிவிப்பு வரைக்கும் தீயணைப்பாளர் பணி ஆண்களுக்கு மட்டும்தான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் குரூப் 1 வழியாகப் பெண்கள் அதிகாரிகளாக வந்திருக்கிறார்கள். பிரியா ரவிச்சந்திரனைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டுத் தீயணைப்புத் துறையின் முதல் பெண் அதிகாரிகளில் ஒருவர். 2012 ஜனவரியில் சென்னை எழிலகத்தில் தீப்பிடித்தபோது உள்ளே போய்ப் பலத்த தீக்காயம் பட்டார். அதே தீயில் அவருடன் போன வீரர் ஒருவர் உயிரிழந்தார். குணமாகி அவர் மறுபடியும் பணிக்கு வந்தார்.

கேரளத்தில் கதவு திறந்துவிட்டது. பெண்களைத் தீயணைப்பு வீரர்களாகவே எடுத்து, திருச்சூர் பக்கம் வியூர் அகாடமியில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். 108-ல் பெண்களுக்கு எந்தத் தடையும் இல்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் கை நடுங்காமல் ஊசி போட்டவர் ஒரு பெண்தான்.

எங்க வீடு வண்டிப்பெரியாறு எஸ்டேட். நான் எந்த மாநிலத்துல எழுதறது?

எல்லைக்காரர்களுக்கு மட்டுமே வருகிற சிக்கல் இது. உங்கள் இருப்பிடச் சான்றும் சாதிச் சான்றும் கேரளத்தில் இருந்தால் கேரள பி.எஸ்.சி.யை முதலில் பாருங்கள். அங்கே ஃபயர் அண்ட் ரெஸ்க்யூ ஆபீசர் பணிக்குப் பிளஸ் டூ தேர்ச்சி வேண்டும், நீச்சல் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். உயரம் 165 போதும் என்றுதான் அறிவிப்புகள் வந்திருக்கின்றன. ஆகவே 168-ல் நின்று வருத்தப்படும் கேரளத் தமிழ்ப் பையன்கள் அந்தப் பக்கம் திரும்பலாம். பி.எஸ்.சி. தேர்வுகளில் மொழிச் சிறுபான்மையினருக்குத் தமிழ் வினாத்தாளும் உண்டு. விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தை மறக்காமல் நிரப்புங்கள்.

தமிழ்நாட்டுத் தேர்வை எழுதினால், வேறு மாநிலச் சாதிச் சான்றுக்கு இங்கே இடஒதுக்கீடு கிடைக்காது, பொதுப் பிரிவில்தான் வருவீர்கள். மலையாள வழியில் படித்துப் பத்தாம் வகுப்பில் தமிழ்ப் பாடமே இல்லை என்றால், வேலையில் சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் தமிழ் மொழித் தேர்வில் தேற வேண்டும். அதற்கு முன்னால் அந்த 80 மதிப்பெண் தமிழ்த் தாளும் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசுவது அதற்குப் போதாது, எழுதிப் பழகுங்கள்.

வருசத்துல எத்தனை தடவை தீப்பிடிக்கும்? மத்த நேரமெல்லாம் சும்மாதானே இருப்பாங்க?

நிலையத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். காலையில் வண்டியை ஓட்டிப் பார்ப்பது, பம்பை இயக்கிப் பார்ப்பது, ஹோஸை விரித்து ஓட்டை தேடி, உலர்த்தி, சுருட்டுவது. இதெல்லாம் அழைப்பு வருவதற்கு முன்னால். அழைப்பு என்று வருவதில் பாதிக்கு மேல் தீயே இல்லை என்பார் மச்சான். வீட்டுக்குள் பாம்பு, சாலையில் சாய்ந்த மரம், முல்லைப் பெரியாற்றில் மூழ்கியவர், கிணற்றில் விழுந்த மாடு. துறையின் பெயரிலேயே மீட்பு என்று இருக்கிறது.

கிணற்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் தோட்டத்துக் கிணறு ஆழம். தண்ணீர் இறைக்க டீசல் இன்ஜினை உள்ளே இறக்கி ஓட்டுவார்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. இறங்கியவர் சத்தம் இல்லாமல் சாய்வார். மேலே நிற்கும் தம்பி, அண்ணன் மயங்கிவிட்டான் என்று பாய்ந்து இறங்குவான். அவனைப் பார்த்து அடுத்தவர். மச்சான் போன ஒரு அழைப்பில், கயிற்றைப் பிடித்து இறங்கப் போன மூன்றாவது ஆளின் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்த பிறகுதான் மூச்சுக் கருவியை மாட்டவே நேரம் கிடைத்தது. உள்ளே விளக்கு அணையாமல் எரிந்தால் காற்று நன்றாக இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு. கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் விளக்கு எரியும். அதை நம்பி இறங்காதீர்கள்.

மலையில் மழைக்காலம் இன்னும் கடினம். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்கள்மேல், அதாவது வரிசை வீடுகள்மேல், மலை சரிந்து 70 உயிர் போனது. பெரும்பாலும் நம் தமிழ்ச் சனம். சேற்றில் நாள்கணக்காகத் தேடியவர்களில் தீயணைப்பு வீரர்களும் இருந்தார்கள். அதுவும் இந்த வேலைதான்.

குரங்கணி மாதிரி காட்டுத்தீன்னா தீயணைப்பு வண்டி மேல போகுமா?

போகாது, பாதை இருக்கும் வரைக்கும்தான் வண்டி. சுமார் 4500 லிட்டர் தண்ணீரோடு அந்த வண்டி எந்த மலைச்சரிவிலும் ஏறாது. காட்டுத்தீ முதலில் வனத்துறையின் பொறுப்பு. வனக்காப்பாளர், வேட்டைத் தடுப்புக் காவலர், கூட ஊர்க்காரர்கள், பச்சைக் கிளையை ஒடித்து அடித்தும், தீத்தடுப்புக் கோடு வெட்டியும்தான் அணைக்கிறார்கள். கோடு என்றால், தீ வருவதற்கு முன்னால் ஒரு பட்டைக்குப் புல்லைச் செதுக்கி மண்ணை வெறுமையாக்கிவைப்பது.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்களைத் தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். ஆள் உயரக் காய்ந்த புல், மேல்நோக்கி அடித்த காற்று. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே உள்ள தீ மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். காட்டில் மாட்டிக்கொண்டால் மேலே ஓடாதீர்கள். ஏற்கெனவே எரிந்து கருகிய இடமோ பாறையோ தெரிந்தால் அங்கே போங்கள், இல்லாவிட்டால் பக்கவாட்டில் விலகிக் கீழே இறங்குங்கள். வனத்துறைப் பணிகளுக்கான தேர்வு தனி, அது இந்தப் பக்கத்தில் வராது.

108-ல சேர நர்சிங்தான் படிச்சிருக்கணுமா? கவர்மென்ட் வேலையா அது?

நர்சிங் மட்டுமல்ல. பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். மாதிரி நர்சிங் படிப்புகளும், டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோவும் படித்தவர்களை எடுக்கிறார்கள். விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் மாதிரி உயிர் அறிவியல் பட்டம் பெற்றவர்களையும் எடுக்கிறார்கள். நான் விலங்கியல்தான். எழுத்துத் தேர்வு, உடற்கூறு பற்றி நேர்முகம், அப்புறம் 50 நாள் பயிற்சி. ஓட்டுநருக்குப் பத்தாவது, வயது 24 முதல் 35, உயரம் 162.5 செ.மீ., இலகுரக உரிமம் எடுத்து மூன்று வருடம், பேட்ஜ் எடுத்து ஒரு வருடம்.

இது அரசின் சேவை, ஆனால் அரசு வேலை அல்ல. தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஒரு தனியார் நிறுவனம்தான் அரசு ஒப்பந்தத்தில் நடத்துகிறது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், எந்த மாவட்டத்துக்கும் போகச் சொல்லலாம். இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். வேலையைப் பற்றி எனக்குக் குறையே இல்லை, பணிப் பாதுகாப்பு கூடுதலாக வேண்டும் என்பது மட்டும் என் ஆசை.

பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் படிப்பு, துணை மருத்துவக் கலந்தாய்வில் இடம் கிடைக்கும். மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் வேலை பார்க்க நல்ல அடித்தளம்.

குமுளிப் பக்கம் 108 கூப்பிட்டா மலையாளத்துல பேசுறாங்க. என்ன செய்யறது?

உங்கள் போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ, அந்த மாநிலத்து மையத்துக்கு அழைப்பு போய்விடும். வைத்துவிடாதீர்கள். இருக்கும் இடத்தையும் மாநிலத்தையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்: "குமுளி மலைப்பாதை, தமிழ்நாட்டுப் பக்கம், லோயர் கேம்ப்புக்கு மேலே." கொண்டை ஊசி வளைவைச் சொன்னால் இன்னும் நல்லது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்காரர்களிடம் இதை ஒரு பாடமாகவே நான் சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்பார்கள், கேரளக்காரர் நம் சாலையில் அடிபட்டால் செலவு யாருடையது என்று. 2021 டிசம்பரில் வந்த "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். கொண்டுபோய்ச் சேர்த்தவரைச் சாட்சியாக இருக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது.

தீக்காயம் பட்டா முதல்ல என்ன பண்ணணும்? பேஸ்ட் தடவலாமா?

பேஸ்ட் வேண்டாம், மாவு வேண்டாம், மை வேண்டாம், ஐஸும் வேண்டாம். ஓடும் சாதாரணத் தண்ணீர், 20 நிமிடம். குழாயோ, குடத்திலிருந்து மெதுவாக ஊற்றுவதோ, எதுவானாலும் சரி. மோதிரம், வளையலை வீக்கம் வருவதற்கு முன்னால் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிப்போன துணியைப் பிய்க்காதீர்கள், சுற்றி வெட்டிவிடுங்கள். காயம் பெரிதென்றால் ஆறவைத்தபின் சுத்தமான துணியால் மூடி, உடம்பு குளிர்ந்துபோகாமல் போர்த்துங்கள்.

எத்தனையோ தடவை நாங்கள் போகும்போது காயத்தின்மேல் வெள்ளையாகப் பேஸ்ட் பூசியிருக்கும். அடியில் எவ்வளவு ஆழம் என்றே தெரியாது. மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும்போது அந்தப் பிள்ளை படும் பாட்டைப் பார்த்தவர்கள் மறுபடி பூச மாட்டார்கள். மூக்கு முடி கருகி, குரல் கரகரத்தால் மூச்சுக்குழாயும் வெந்திருக்கலாம். வெளிக்காயம் சின்னதாக இருந்தாலும் அவரை உடனே அனுப்புங்கள்.

ரத்தத்தைப் பாத்தாலே எனக்கு மயக்கம் வரும். நான் இதுக்கு லாயக்கில்லையா?

எனக்கும் முதல் வாரம் வந்தது. பழக்கத்தில் போகும். கைக்கு வேலை இருந்தால் கண்ணுக்குப் பயம் குறையும். நெஞ்சை அழுத்தும்போது நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் என்று எண்ணிக்கொண்டிருந்தால் மனம் வேறெங்கும் போகாது. பழகாமல் தங்கிவிடுவது வேறு ஒன்று, அதைக் கடைசிக்கு முந்தின கேள்வியில் சொல்கிறேன்.

தீ வச்சது யாருன்னு கண்டுபிடிக்கிற வேலைக்கு எங்க அப்ளை பண்ணணும்?

தீ விசாரணை அதிகாரி என்று தனியாக ஒரு பதவி நம் ஊரில் இல்லை. ஒரு தீ விபத்து வழக்கில் நாலைந்து பேர் சேருவார்கள், அதில் ஒருவராகப் போகலாம். வழக்கின் விசாரணை அதிகாரி காவல்துறைக்காரர். தீயணைப்பு நிலைய அலுவலர் தீ பற்றிய அறிக்கை தருவார். தடய அறிவியல் துறையினர் மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். மின்சாரம் என்று சந்தேகம் வந்தால் மின் ஆய்வாளர். மின்சாரச் சட்டம் 2003-ன் 161-ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. காப்பீடு இருந்தால் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர், அதாவது சர்வேயர்.

இதில் ஆசை இருக்கிற பிள்ளைகளை நான் தடய அறிவியல் பக்கம் அனுப்புவேன். வேதியியல், இயற்பியல் மாதிரி பாடத்தில் முதுகலை முடித்தால் டி.என்.பி.எஸ்.சி. வழியாக இளநிலை அறிவியல் அலுவலர் ஆகலாம். நமக்குப் பக்கத்து ஆய்வகம் மதுரையில் இருக்கிறது. குஜராத் காந்திநகரில் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. இனி இந்தத் துறைக்கு ஆள் தேவை கூடத்தான் செய்யும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. வீட்டுக்குத் தீவைப்பது அதில் வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாயச் சட்டத்தின் 326-ஆம் பிரிவில் அதற்கு ஆயுள் தண்டனைவரை உண்டு.

எல்லாம் எரிஞ்சு சாம்பலான பிறகு என்னத்தைக் கண்டுபிடிக்க முடியும்?

நிறைய. குறைவாக எரிந்த இடத்திலிருந்து அதிகமாக எரிந்த இடத்துக்கு நடந்து போவார்கள். தீ மேலே விரிந்துகொண்டே போவதால் சுவரில் பெரும்பாலும் ஆங்கில வி எழுத்து மாதிரி கரித்தடம் விழும், அதன் முனை தொடங்கிய இடத்தைக் காட்டலாம். அங்கே சாம்பலை அடுக்கு அடுக்காக எடுத்துச் சல்லடையில் சலிப்பார்கள். ஊற்றிய பெட்ரோல் மேலே எரிந்துபோனாலும், பாயின் அடியில், தரை விரிசலில், சுவரோரத்து மண்ணில் கொஞ்சம் ஒளிந்திருக்கும்.

அதை எடுத்துவைக்கும் முறையில்தான் வழக்கே நிற்கிறது. சாதாரணப் பாலிதீன் பையில் போட்டால் ஆவி பையின் வழியாகவே வெளியேறிவிடும். மூடி இறுகிய கண்ணாடிப் பாட்டில் அல்லது சுத்தமான தகர டின் வேண்டும். அதே அறையில் தீ தொடாத மூலையிலிருந்தும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். ஏனென்றால் பாய், பெயிண்ட், செருப்பு எல்லாமே எரியும்போது பெட்ரோலியப் பொருள் மாதிரி ஆவி விடும். ஆய்வகத்தில் வாயு நிறப்பகுப்புக் கருவியில் இரண்டையும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

இறந்தவரின் உடலும் பேசும். மூச்சுக்குழாயில் கரி இருந்து, ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால், தீப்பிடித்தபோது அவர் உயிரோடு மூச்சுவிட்டிருக்கிறார். கை மடங்கிக் குத்துச்சண்டைக்காரர் மாதிரி கிடந்தால் சண்டை போட்டார் என்று ஊர் சொல்லும். அது வெப்பத்தில் தசை சுருங்குவது, எல்லா உடலுக்கும் வரக்கூடியது.

எதுக்கெடுத்தாலும் "மின்கசிவு"ன்னே எழுதிர்றாங்களே, நெசமாவா?

சில நேரம் நிஜம், சில நேரம் வசதியான பதில். ஒயரில் மின்பொறி அடித்தால் செம்பின் நுனியில் உருண்டையாக ஒரு மணி உருவாகும், அதற்கு அடுத்துள்ள கம்பி உருகாமல் இருக்கும். வெளித்தீயில் உருகிய செம்பு நீளமாக வழிந்திருக்கும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், அலுமினியத்துக்கு 660 போதும். ஆனால் மணி இருப்பதாலேயே தீ அங்கேதான் தொடங்கியது என்று சொல்லிவிட முடியாது. வேறெங்கோ தொடங்கிய தீ, மின்சாரம் ஓடும் ஒயரின் உறையைச் சுட்டாலும் அதே மணி வரும். தொடங்கிய இடம் எது என்பதோடு சேர்த்துத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் கொடியது. அமெரிக்காவில் டெக்சாஸின் கோர்சிகானா என்ற ஊரில் 1991 டிசம்பரில் வீடு எரிந்து மூன்று பெண் குழந்தைகள் இறந்தார்கள். தரையில் இருந்த கரித்திட்டுகளையும், ஜன்னல் கண்ணாடியில் சிலந்தி வலை போன்ற விரிசலையும் காட்டி, அப்பா கேமரன் டாட் வில்லிங்ஹாம்தான் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார் என்றார்கள். 2004-ல் அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது. அறை முழுவதும் ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும்போது எண்ணெய் இல்லாமலேயே அப்படித் திட்டுகள் வரும். சூடான கண்ணாடியில் ஹோஸ் தண்ணீர் பட்டாலே வலை விரிசல் விழும். தீ அறிவியலாளர்கள் பலர் பின்னால் இதை எடுத்துச் சொன்னார்கள். அதற்குள் அந்த மனிதர் போய்விட்டார். தீ விசாரணைக்குப் போக ஆசைப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த வழக்கைச் சொல்கிறேன்.

108-காரங்களுக்கும் விசாரணைக்கும் என்ன சம்பந்தம்?

முதல் பதிலில் வாசல் வேறு என்றேன். வாசல்தான் வேறு, முற்றம் ஒன்று. நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த இரண்டாம் வருடம், தீக்காயத்தோடு ஒரு பெண். திருமணமாகி மூன்று வருடம். ஸ்டவ் வெடித்தது என்றார்கள். நைட்டியை வெட்டி எடுத்து, தண்ணீர் ஊற்றி, வண்டியில் ஏற்றினேன். வெட்டிய துணியை வண்டியின் கழிவுப் பையில் போட்டேன், ஷிப்ட் முடிந்ததும் அது மற்ற கழிவோடு போய்விட்டது. மறுநாள் ஒரு சார்பு ஆய்வாளர் வந்து கேட்டார், "அந்தத் துணி எங்க தம்பி?" அதில் மண்ணெண்ணெய் மார்புப் பக்கம் பட்டிருந்ததா, முதுகுப் பக்கம் பட்டிருந்ததா என்று அவருக்குத் தெரிய வேண்டும். எனக்குப் பதில் இல்லை. அந்தப் பெண் ஐந்தாம் நாள் இறந்துபோனாள்.

திருமணமாகி ஏழு வருடத்துக்குள் இப்படி ஒரு பெண் இறந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் விசாரணை நடக்கும். சாகுமுன் அவள் சொன்ன சொல் சட்டப்படி சாட்சியம். மாஜிஸ்திரேட் பதிவு செய்வதுதான் முறை, ஆனால் வழியில் நம்மிடம் சொன்னதும் எடுபடலாம். அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். துணியைத் தனியாகச் சுருட்டி மருத்துவமனைக் காவல் உதவி மையத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவேன். நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே, நேரம் போட்டு எழுதுவேன், என் ஊகத்தைச் சேர்க்க மாட்டேன். மச்சானிடமும் சொல்லியிருக்கிறேன், தீ அணைந்த பிறகு தேவையில்லாமல் பொருளைப் புரட்டாதீர்கள் என்று. ஆனால் உயிர்தான் முதலில். ஆளைக் காப்பாற்ற எதை மிதித்தாலும் தவறில்லை, எதை மிதித்தோம் என்று பின்னால் சொன்னால் போதும்.

இதையெல்லாம் பாத்துட்டு ராத்திரி தூக்கம் வருமா அண்ணே?

சில நாள் வராது. அந்த நைட்டித் துணி எனக்கு இன்னும் கனவில் வரும். குழந்தைகள் சம்பந்தப்பட்ட அழைப்புக்குப் பிறகு ஒரு வாரம் சாப்பாடு இறங்காதவர்களைத் தெரியும். குடியில் போய் விழுந்தவர்களையும் தெரியும். ஷிப்ட் முடிந்ததும் கூட இருந்தவரோடு பத்து நிமிடம் அதைப் பேசிவிட்டு வீட்டுக்குப் போவது எனக்கு உதவியது. அதற்கும் சரியாகவில்லை என்றால் மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையிலேயே மருத்துவர் இருக்கிறார். நான் போயிருக்கிறேன். பெண் பார்க்க வருகிறவர்களிடமும் இந்த வேலையின் நேரத்தையும் பாரத்தையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தீபாவளி அன்று வீட்டில் இருக்க மாட்டீர்கள்.

சரி, அடுத்த அறிவிப்பு வர்ற வரைக்கும் என்ன பண்றது?

ஓட்டுநர் உரிமத்தை இந்த மாதமே எடுங்கள். மேலே சொன்ன மூன்று வருடக் கணக்கு அன்றிலிருந்துதான் ஓடும். கல்லூரியில் இருந்தால் என்.சி.சி.யில் சேருங்கள். ஆற்றில் அல்ல, பெரியவர் ஒருவர் கரையில் நிற்கும் குளத்தில் நீச்சல் பழகுங்கள். தினம் ஒரு மணி நேரம் பத்தாம் வகுப்புத் தமிழும் அறிவியலும்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிரிழந்த தீயணைப்பு வீரர்கள் நினைவாக அதை நடத்துகிறார்கள். அந்த வாரம் பக்கத்து நிலையத்துக்குப் போனால் வண்டியைத் தொட்டுப் பார்க்க விடுவார்கள், ஹோஸைப் பிடிக்கக்கூடக் கொடுப்பார்கள். தண்ணீர் வந்ததும் அது கையை எப்படிப் பின்னால் தள்ளுகிறது என்று பாருங்கள். காலைப் பரப்பி, ஹோஸை இடுப்போடு அணைத்து நில்லுங்கள்.